ஒரு நிமிடம் இருபத்தேழு விநாடி

ஆரணிக்குப் போனது பட்டுப் புடைவை வாங்கத்தான். அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். கடையில் வாங்கினால் விலை ஜாஸ்தி, நேரே தறிக்கே போய்விட்டால் நாலு காசு மிச்சம் என்று யாரோ சொன்னார்கள். பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் உடனே பிடித்துவிடும். கிளம்பிவிட்டேன்.

ஆரணி சரித்திரத்தில் இடம் பிடித்த ஊர். 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே வந்து சண்டை போட்டு ஜெயித்திருக்கிறார். கமண்டல நாகநதி ஓடுகிறது. (மழை பெய்தால்.) ஆனால், தெருவுக்குள் நுழைந்தால் கிளைவும் கிடையாது, நதியும் கிடையாது. தறிச் சத்தம்தான். வீட்டுக்கு வீடு குழித்தறி. டக்... டக்... டக்.

நான் போன வீட்டில் தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் தார் சுற்றிக்கொண்டிருந்தான். பதினேழு வயசு இருக்கும். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. 'தம்பி, பேர் என்ன?' என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'தம்பி, பேர் என்ன?' என்று என் குரலிலேயே அவன் திருப்பிச் சொன்னான். கிண்டல் இல்லை. அவன் அப்படித்தான்.

திடீரென்று அவன் 'ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுத்தான். தறியில் இருந்த அப்பா மிதியிலிருந்து காலை எடுத்தார். பாவில் ஒரு இழை அறுந்திருந்தது.

'எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிடும் சார். சத்தம் மாறுதாம்' என்றார்.

பையனுக்கு ஆட்டிசம். தமிழில் 'மதி இறுக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் அத்தனை சம்மதமில்லை. அறுந்த இழையைக் காதால் கண்டுபிடிக்கிறவனுடைய மதி எங்கே இறுகியிருக்கிறது?

காபி கொண்டுவந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். 'சார், நீங்க பத்திரிகையில எழுதுறவருன்னு சொன்னாங்க. வெளிநாட்டுல இவனாட்டம் புள்ளைங்களே சேர்ந்து கிடாரு, டிரம்ஸெல்லாம் வச்சிக் கச்சேரி பண்றாங்களாமே. நெசமா?'

'நிஜம்தாம்மா' என்றேன்.

'அதுல காசு வருமா? வந்தா அவங்க கைக்கு வருமா?'

முதல் கேள்வி எல்லோரும் கேட்பது. இரண்டாவது, கூலிக்கு நெய்கிற வீட்டில் மட்டும் பிறக்கிற கேள்வி. பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் ஒருத்தர். குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்கிறவர் ஒருத்தர். கண்ணாடிக் கடையில் தன் பெயரைப் போட்டு விற்பவர் மூன்றாமவர். நெய்தவர் பெயர் புடைவையில் எங்காவது இருக்கிறதா? தேடிப்பாருங்கள். முந்தானை வரைக்கும் தேடலாம்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். அதற்கு 1849-ம் வருஷத்துக்குப் போகவேண்டும்.

*

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அடிமைகளை வைத்து விவசாயம் நடந்துகொண்டிருந்த காலம். ஓர் அடிமைத் தம்பதிக்குக் கண் பார்வையில்லாத ஒரு குழந்தை பிறந்தது. பெயர் டாம். மறு வருஷமே அப்பா, அம்மா, குழந்தை எல்லோரையும் ஜேம்ஸ் பெத்யூன் என்ற வக்கீல் விலைக்கு வாங்கிவிட்டார். பத்திரிகையும் நடத்தியவர். பெரிய மனுஷர்.

டாமுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. ஆனால், கேட்டதையெல்லாம் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வான். சேவல், மழை, ரயில் என்று எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்குள்ளேயே போய்விடுவான். எஜமானர் வீட்டில் பெண் பிள்ளைகள் பியானோ பழகினார்கள். நாலு வயசு டாம் யாருக்கும் தெரியாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தான். வாசித்தான்.

பெத்யூனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எட்டு வயசில் மேடை. அப்புறம் பெர்ரி ஆலிவர் என்ற நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கு டாமை வாடகைக்கு விட்டார். ஆமாம், வாடகைக்கு. பந்தலையும் பாத்திரத்தையும் விடுகிற மாதிரி. ஊர் ஊராகக் கச்சேரி. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புக்கனன் முன்னிலையிலும் வாசித்தாகிவிட்டது.

விளம்பரத்தில் அவர் பெயர் 'குருட்டு டாம்'. சபையில் யாராவது எழுந்துவந்து புதிதாக ஒன்றை வாசித்துக் காட்டலாம். டாம் ஒரு முறை கேட்டுவிட்டு அப்படியே வாசிப்பார். வலது கையில் ஒரு பாட்டு, இடது கையில் இன்னொரு பாட்டு, வாயில் மூன்றாவது பாட்டு. ஜனம் வாய் பிளந்தது. கைதட்டல் எழுந்தால் டாமும் கூடவே தட்டுவார். 'டாம் இப்போது வாசிப்பார்' என்று தன்னையே யாரோ மாதிரி சொல்லுவார். அதற்கும் சிரிப்பு. காட்சிசாலைச் சிரிப்பு.

ஆனால், அவர் சும்மா திருப்பி வாசிக்கும் இயந்திரம் இல்லை. சொந்தமாக எழுதியிருக்கிறார். உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்றைப் பீரங்கிச் சத்தத்தோடு பியானோவில் கொண்டுவந்தார். மழைக்கு ஒரு பாட்டு. தையல் இயந்திரத்தின் சத்தத்துக்குக்கூட ஒரு பாட்டு. ஆரணித் தறிப் பக்கம் வந்திருந்தால் எழுந்தே போயிருக்கமாட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அடிமை முறையும் போனது. டாம்? டாம் போகவில்லை. பெற்றோரிடம் பெத்யூன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். அவர்களுக்கும் டாமுக்கும் ஒரு சிறு தொகை, மீதியெல்லாம் பெத்யூன் குடும்பத்துக்கு. டாமுக்கு 21 வயசு ஆனதும் ஒப்பந்தம் காலாவதி ஆகவேண்டுமல்லவா? ஆகவில்லை. 1870-ல் டாம் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றத்தில் அறிவிக்க வைத்தார்கள். பெத்யூனின் மகன் ஜான் காப்பாளர் ஆனார். அந்த ஜான் 1884-ல் ரயில் விபத்தில் இறந்தார். அப்புறம் ஜானின் மனைவிக்கும் மாமனாருக்கும் வழக்கு. எதற்காக? டாம் யாருக்கு என்பதற்காக. மருமகள் ஜெயித்தார். டாமின் தாயையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் மகன் தாயிடம் வரவில்லை.

கடைசி அடிமை என்று பத்திரிகைகள் எழுதின. 1908-ல் டாம் செத்துப்போனார். அரை நூற்றாண்டு மேடை. சம்பாதித்தது பெரும் செல்வம். அவர் கையில் வந்தது? பெயர்கூட வரவில்லை. பிறந்தபோது அவர் விக்கின்ஸ். உலகத்துக்குத் தெரிந்தது டாம் பெத்யூன் என்று. சம்பாதித்தவரின் பெயரையும் முதலாளியே வைத்துக்கொண்டார்.

அவருக்கு இருந்தது ஆட்டிசம் என்று இன்றைக்குப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறந்தவருக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாதுதான். ஆனால், குறிப்புகள் அத்தனையும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

*

ஆட்டிசம் என்று ஒன்றைப் பிள்ளைகளிடம் தனியாக அடையாளம் கண்டு எழுதும் வேலை அதற்கெல்லாம் பிறகுதான் சூடுபிடித்தது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதல் குழந்தை மிசிசிப்பி மாநிலத்து டொனால்டு. ஒரு வயசிலேயே பல பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுப்பான் என்று அவன் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். கவனியுங்கள், முதல் குறிப்பிலேயே பாட்டு வந்துவிட்டது. டொனால்டு வளர்ந்து, அவர்கள் குடும்பத்து வங்கியிலேயே வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023-ல் 89 வயசில் இறந்தார். நல்ல வாழ்க்கை. வசதியான குடும்பம், தெரிந்த ஊர், அனுசரித்துப் போன ஜனங்கள்.

மறு வருஷம், 1944. ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். சங்கீதத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற டாக்டர் கிட்டத்தட்ட இதே மாதிரிக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். சில பேரின் திறமையை வியந்து எழுதினார். பிற்காலத்தில் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். குழந்தைகளைக் காப்பாற்றிய மகான் என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது.

அப்போது வியன்னா யார் கையில்? ஹிட்லர் கையில். நகரத்தில் ஸ்பீகல்குரூண்ட் என்று ஒரு சிறுவர் மருத்துவமனை. நோயாளி, வளர்ச்சி குன்றியவன், தேறமாட்டான் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை அங்கே அனுப்பினார்கள். 1940-லிருந்து 45-க்குள் அங்கே இறந்துபோன குழந்தைகள் 789. பலருக்குத் தூக்க மருந்தைக் கொடுத்துக் கொடுத்தே முடித்தார்கள். அங்கே அனுப்பிய காகிதங்கள் சிலவற்றில் ஆஸ்பெர்கரின் கையெழுத்தும் இருந்தது. ஹெர்விக் செக் என்ற சரித்திர ஆசிரியர் 2018-ல் அந்தக் காகிதங்களை வெளியிட்டபோது மகான் பட்டம் சரிந்தது.

இதை ஏன் பாட்டுக் கச்சேரிக்கு நடுவே சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. அந்த மருத்துவமனையில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'இந்தக் குழந்தையால் தேசத்துக்கு என்ன பிரயோஜனம்?' பிரயோஜனம் உண்டென்றால் பிழைக்கலாம். இல்லையென்றால் இல்லை.

டாமிடம் கேட்டதும் அதே கேள்விதான். டாமால் பிரயோஜனம் இருந்தது. அதனால் கொல்லவில்லை. விற்றுத் தின்றார்கள்.

நாமும் கேட்கிறோமே. 'ஆட்டிசப் பிள்ளையா? அவனுக்குள்ளே ஏதாவது ஒரு திறமை ஒளிஞ்சிருக்குமே' என்று ஆறுதலாகத்தான் சொல்கிறோம். எல்லோருக்கும் அப்படி ஒளிந்திருப்பதில்லை. மற்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பாட்டு வருமோ, அந்த மாதிரிதான் இங்கேயும் பலருக்கு வராது. திறமை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை என்ன செய்வதாக உத்தேசம்?

*

இப்போது கச்சேரி.

பின்லாந்து நாட்டின் தலைநகரம் ஹெல்சிங்கி. லிஹ்தி என்று ஒரு தொண்டு அமைப்பு. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பட்டறைகளை நடத்துகிறது. அதில் சங்கீதத்துக்கு ஒரு பட்டறை. 2009-ல் அங்கே நாலு ஆண்கள் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். கிடார் பெர்த்தி குரிக்கா. பாட்டு காரி ஆல்ட்டோ. பேஸ் கிடார் சாமி ஹெல்லே. டிரம்ஸ் டோனி வலிதாலோ. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் எல்லாம் அவர்களுக்குள் உண்டு.

பேண்ட் பெயர் 'பெர்த்தி குரிக்கான் நிமிபைவாத்'. 'பெர்த்தி குரிக்காவின் பெயர் நாள்' என்று அர்த்தம். பின்லாந்தில் பிறந்த நாள் மாதிரியே பெயருக்கும் ஒரு நாள் உண்டு, கொண்டாடுவார்கள். டாமுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. பேண்டின் நெற்றியிலேயே சொந்தப் பெயர்.

என்ன சங்கீதம்? ராக் இசையின் முரட்டுத் தம்பியான பங்க். மூன்று நாலு ஸ்வரக்கட்டு, முழு வேகம், முழுச் சத்தம், மனசில் இருக்கிற எரிச்சல் அத்தனையும். நம் ஊர் ஒப்பாரிக்குக் கோபம் வந்தால் எப்படியிருக்கும்? அப்படி.

பேண்ட் வாழ்க்கை இந்த மாதிரி மனிதர்களுக்கு ஒரு விதத்தில் சௌகரியம், ஒரு விதத்தில் சங்கடம். ஒரே பாட்டை நூறு தடவை ஒத்திகை பார்ப்பது நமக்கு அலுப்பு. ஆட்டிசம் உள்ள பலருக்கு அதுதான் நிம்மதி. முதல் பாட்டு இது, அடுத்தது அது என்று எழுதி ஒட்டிய வரிசை இருக்கிறது. யார் எப்போது நிறுத்தவேண்டும் என்பது தெரியும். சாதாரணப் பேச்சில் எங்கே நுழைவது, எங்கே முடிப்பது என்பது புரியாமல் திண்டாடுகிறவருக்குப் பாட்டில் அந்தத் திண்டாட்டம் இல்லை. ஆனால், வெளிச்சம், கூட்டம், புது ஊர், புதுச் சாப்பாடு, கடைசி நேரத்தில் மாறுகிற புரோகிராம்? அதுதான் கஷ்டம்.

2012-ல் இவர்களைப் பற்றி ஒரு டாக்குமென்டரி வந்தது. யூகா கார்க்கைனென், ஜே.பி. பாஸ்ஸி என்ற இருவர் எடுத்தது. அதில் தெய்வக் குழந்தை யாரும் கிடையாது. ஒத்திகையில் சண்டை போடுகிறார்கள். கத்துகிறார்கள். ஒருவர் அழுகிறார். சமாதானம் ஆகிறார்கள். பெர்த்தி தன் கோபத்தையெல்லாம் டைரியில் எழுதுகிறார். விடுதி வாழ்க்கை பிடிக்கவில்லை என்பதையே பாட்டாக்கிப் பாடுகிறார்கள். உலகத்தில் எந்த பேண்டும் இப்படித்தான் இருக்கும்.

2015-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் பின்லாந்தின் சார்பில் யாரை அனுப்புவது என்று உள்ளூரில் தேர்வு நடந்தது. இவர்கள் ஜெயித்தார்கள். யூரோவிஷன் என்றால் லேசுப்பட்டதல்ல. ஐரோப்பாவே டி.வி. முன்னால் உட்காரும். ஒருவர் பின் ஒருவராக ஜிகினாவும் புகையுமாக வருவார்கள். இதற்கு முன்னால் 2006-ல் பின்லாந்து ஜெயித்தபோது பூத வேஷம் போட்ட ஒரு ராக் பேண்டை அனுப்பியிருந்தது. விசித்திரம் அவர்களுக்குப் புதிதில்லை.

இந்த நாலு பேர் என்ன பாடினார்கள் தெரியுமா? வீடு கூட்டணும். பாத்திரம் கழுவணும். வேலைக்குப் போகணும். டாக்டரைப் பார்க்கணும். இனிப்பு கூடாது. கலர் குடிக்கக்கூடாது. எப்போதும் யாராவது ஒருத்தர் எதையாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எரிச்சல்தான் பாட்டு. மொத்தம் 1 நிமிடம் 27 விநாடி. யூரோவிஷன் சரித்திரத்திலேயே சின்னப் பாட்டு.

'எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஓட்டுப் போடவேண்டாம்' என்று சாமி ஹெல்லே முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் போட்டி நடந்த ஊர் எது? வியன்னா.

2015 மே 19, முதல் அரையிறுதி. 'என்ன பிரயோஜனம்?' என்று கேட்டு 789 குழந்தைகளைச் சாகவிட்ட அதே நகரம். 70 வருஷம் கழித்து நாலு நடுத்தர வயது ஆண்கள் அங்கே மேடையேறி, வீட்டு வேலை செய்யப் பிடிக்கவில்லை என்று அடித்தொண்டையில் கத்தினார்கள். ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. இறங்கிப் போய்விட்டார்கள்.

முடிவு? தோற்றுவிட்டார்கள். அரையிறுதியில் 16 நாடுகள். இவர்கள் 13 புள்ளி வாங்கி 16-வது இடம். கடைசி.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். டாம் ஒரு நாளாவது சுமாராக வாசிக்க முடிந்திருக்குமா? ஒரு நாளாவது 'எனக்கு இன்றைக்குப் பிடிக்கவில்லை' என்று எழுந்து போயிருக்க முடியுமா? அவர் தினமும் அதிசயமாக இருந்தாகவேண்டும். இந்த நாலு பேர் அதிசயமாக இருக்கவில்லை. சலித்துக்கொண்டார்கள். தோற்றார்கள். ஊருக்குத் திரும்பி அடுத்த கச்சேரிக்கு ஒத்திகை பார்த்தார்கள். 2016 கடைசியில் பெர்த்திக்கு 60 வயசு ஆயிற்று. ஓய்வு பெறுகிறேன் என்றார். பேண்டைக் கலைத்துவிட்டார்கள். நம் ஊர் குமாஸ்தா ரிட்டையர் ஆகிற மாதிரி. இதைவிட மரியாதையான முடிவு ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

இவர்கள் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2006-ல் தொடங்கிய 'ரூட்லி இன்டரப்டட்' என்ற ராக் பேண்டின் பாடகர் பார்வையில்லாதவர், ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் உள்ளவர். 2008-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் வாசித்தார்கள். கனடாவின் டொரண்டோவில் 'ஏ.எஸ்.டி. பேண்ட்' என்று ஒன்று. நாலு பேர், நாலு பேருமே ஆட்டிசம் உள்ளவர்கள். 2022-ல் அவர்களைப் பற்றியும் ஒரு டாக்குமென்டரி வந்துவிட்டது. ஆகவே அந்த அம்மா கேட்டது நெசம்தான்.

*

இரண்டாவது கேள்வி? காசு அவங்க கைக்கு வருமா?

அதற்குப் பதில் சங்கீதத்தில் இல்லை, சட்டத்திலும் கணக்கிலும் இருக்கிறது. டாமைக் கடைசிவரை கட்டிப்போட்டது சங்கிலியா? இல்லை, காப்பாளர் என்ற ஒரு காகிதம். நம் நாட்டில் 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம் உள்ளவருக்கு 18 வயசு தாண்டிய பிறகு காப்பாளர் தேவையா, யாரை நியமிப்பது என்பதை மாவட்ட அளவில் ஒரு குழு பார்க்கிறது. கலெக்டர் அதில் இருப்பார். மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்கவேண்டும். காப்பாளர் ஆனவர் சொத்துக் கணக்குக் காட்டவேண்டும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அவரைத் தள்ளி வைத்துவிட்டு முடிவெடுக்காதே, அவரோடு கலந்து முடிவெடு என்கிறது. ஏட்டில் இருப்பதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. ஆனால், டாமின் தாய்க்கு ஏடுகூட இல்லை.

போன வாரம் அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். இவ்வளவு நீளமாக இல்லை, சுருக்கமாகச் சொன்னேன். பையனுக்கு அடுத்த வருஷம் 18. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கச் சொன்னேன். அப்புறம் ஒன்று கேட்டேன்.

'தார் சுத்துறானே, அதுக்கு அவனுக்குக் கூலி உண்டாம்மா?'

'வூட்டுப் புள்ளைக்கு என்னா சார் கூலி?'

'வெளியாளை வச்சா குடுப்பீங்கதானே?'

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. குறை சொல்லவில்லை நான். ஒரு புடைவைக்கு வருகிற கூலியில் எத்தனை வயிறு நிறையவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கூடவே அந்தப் பையன் கண்டுபிடித்துக் கொடுக்கிற அறுந்த இழையும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

'மாசம் அம்பது ரூபாயா இருந்தாலும் அவன் பேர்ல ஒரு கணக்குல போடுங்கம்மா. அது அவன் சம்பாதிச்சதுன்னு அவன்கிட்டயும் சொல்லுங்க.'

'புரியுமா சார் அவனுக்கு?'

'சொல்லிப் பாருங்க.'

கொஞ்ச நேரம் கழித்து, 'அப்ப பாட்டு கிளாஸ்?' என்றார்.

'அவனுக்குப் பிடிச்சா அனுப்புங்க. பிடிக்கலன்னா விட்டுடுங்க. அவன் எதுலயும் ஜெயிக்க வேணாம்மா.'

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக். நடுவே அந்த 'ம்ம்' கேட்டது. தறி நின்றது.

'இழை போயிடுச்சு சார், கூப்பிடறான். அப்புறம் பேசறேன்' என்று போனை வைத்துவிட்டார்.